நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுக்கும் எச்ஆர் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை ஓஎம்ஆரில் உட்கார்ந்து நெட்வொர்க் பொறியாளர்களைத் தேர்வு செய்யும் உங்களுக்குத்தான் இந்த மடல். பெர்மனன்ட், காண்ட்ராக்ட் இரண்டிலும் இருந்து பார்த்தவன் நான். காண்ட்ராக்ட்டே கூடாது என்று கொடி பிடிக்க வரவில்லை. டேட்டா சென்டரை இடம் மாற்றுகிறீர்கள், பழைய ஃபயர்வாலைத் தூக்கிவிட்டுப் புதியது வைக்கிறீர்கள், ஆறு மாத வேலை. அதற்கு ஆறு மாதத்துக்கு ஆள் எடுப்பது நியாயம்தான். சிசிஎன்ஏ என்ற சிஸ்கோவின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழை முடித்துவிட்டு நாலு விதமான நெட்வொர்க்கில் கைவைத்துப் பார்க்க ஆசைப்படும் பையனுக்கும் அது நல்ல வழி.

என் குறை வேறு. வருடம் முழுக்க ஓயாத வேலைக்குக் காண்ட்ராக்ட் என்று பெயர் வைக்கிறீர்கள். அதுவும் எந்த மாதிரி காண்ட்ராக்ட் என்பதை மூன்றாவது ரவுண்டு வரை வாய் திறந்து சொல்வதில்லை. சம்பளம் போடப்போவது நீங்கள் இல்லை, பெயரே கேள்விப்படாத ஒரு வெண்டர், அதாவது ஆள் அனுப்பும் இடைநிலை நிறுவனம் என்பது ஆஃபர் லெட்டரைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். வேலையை விட்டுப் போகும்போது பணிக்காலத்துக்காகக் கிடைக்கும் கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் என்றால், மாதத்தை 26 நாளாக வைத்து ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், சுமார் 23,000 ரூபாய். பெர்மனன்ட் ஆளுக்கு ஐந்து ஆண்டு முடிந்தால் அது கிடைக்கும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த காலத்துக்கென்று நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு ஓர் ஆண்டிலேயே உண்டு. வெண்டர் பேரோலில், அதாவது அவர்களிடம் சம்பளம் வாங்கும் பட்டியலில் இருப்பவர் கதை? நீங்கள் இடையில் வெண்டரை மாற்றுகிறீர்கள். அவருக்கு அதே நாற்காலி, அதே சுவிட்ச், அதே ஷிப்ட். காகிதத்தில் மட்டும் நேற்று சேர்ந்தவர். பிஎஃப் பணம் யூஏஎன் என்ற நிரந்தர பிஎஃப் கணக்கு எண்ணோடு கூடவே வந்துவிடும், கிராஜுவிட்டிக்கான பணிக்காலம் வராது. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கிக்காரர் கேட்பதும் இந்த நிறுவனத்தில் எத்தனை வருடம் என்றுதான்.

உங்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. இரவு இரண்டு மணிக்கு சேஞ்ச் விண்டோ, அதாவது நெட்வொர்க்கில் மாற்றம் செய்ய ஒதுக்கிய நேரம். தொலைவில் உள்ள கிளையின் சிஸ்கோ ரௌட்டரைத் தொடும் முன், விவரம் தெரிந்தவர் 'ரீலோட் இன் 10' என்று அடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். தப்பான கட்டளை போட்டு இணைப்பே அறுந்துபோனாலும், பத்து நிமிடத்தில் பெட்டி தானாக மறுபடி எழுந்து, சேமித்து வைத்த பழைய கான்ஃபிக்கோடு, அதாவது பழைய அமைப்புகளோடு வந்துவிடும். இதைப் புதிதாக வருபவரும் செய்வார். ஆனால் அந்த ரௌட்டரில் எப்போதோ யாரோ கையால் எழுதிவைத்த நிலையான பாதை, ஸ்டாட்டிக் ரூட் ஒன்று ஏன் இருக்கிறது, அதை எடுத்தால் எந்த ஏடிஎம் படுத்துவிடும் என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது. நாலு வருடம் அங்கேயே குப்பை கொட்டியவர் தலையில்தான் இருக்கும். அவரைத்தான் ரினியூவல் இல்லை என்று அனுப்பிவிடுகிறீர்கள்.

சரி, பெர்மனன்ட் மட்டும் என்ன வாழ்கிறது? 90 நாள் நோட்டீஸ் என்று கட்டிப்போடுகிறீர்கள், அப்புறம் உங்கள் விளம்பரத்திலேயே 'உடனே சேரக்கூடியவர் மட்டும்' என்று கேட்கிறீர்கள். தட்டச்சு செய்யும்போது உங்களுக்கே சிரிப்பு வராதா? ஆனாலும் பெற்றோருக்கும் சேர்த்து நிறுவனம் எடுக்கும் மருத்துவக் காப்பீடு ஒன்றுக்காகவே, இருபது சதவீதம் கூடுதல் சம்பளம் தரும் காண்ட்ராக்டை விட்டுவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. அவர்கள் கணக்கு தெரிந்து முடிவெடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

யாருடைய பேரோல், எத்தனை மாதம், இரு பக்கமும் எத்தனை நாள் நோட்டீஸ், வெண்டர் மாறினால் பழைய சர்வீஸ் என்ன ஆகும் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் காண்ட்ராக்ட், பிறகு பெர்மனன்ட் என்று சொல்லி 'காண்ட்ராக்ட் டு ஹயர்' என்று விளம்பரம் போடும்போது, போன வருடம் அப்படி வந்தவர்களில் எத்தனை பேரைப் பெர்மனன்ட் ஆக்கினீர்கள் என்ற எண்ணையும் அதே வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் பொறியாளர்