சம்பளச் சீட்டில் சந்தா நாள் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டுக்குச் சந்தாவாகப் பிடிக்கிறார்கள். போன வருஷம் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் சம்பளமில்லாத லீவு நிறையப் போட்டேன். ஆர்டர் இல்லாமல் வேலை நாளும் குறைந்தது. அப்புறம் பிப்ரவரியில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வைத்தியம் நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும் நோய்க்கால உதவித்தொகை கிடையாது என்றுவிட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் சம்பளத்துக்காவது சந்தா பிடித்திருந்தால்தான், அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரை அந்தப் பணம் வருமாம்.

வீட்டில் யார் படுத்தாலும் லீவு போடுவது பெண்கள்தான். அந்த லீவே நமக்கு முடியாதபோது கையை விரிக்க வைக்கிறது. இது பெரிய அநியாயம். 78 நாளைக் கணக்கிடும்போது இப்படிப்பட்ட லீவுக்குச் சலுகை தர வேண்டும்.

விதி தெரியாமல் இழப்பவர்களும் உண்டு. ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயதாகி ஓய்வு பெற்றவர்கள், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். எங்கள் லைனில் ஓய்வு பெற்ற அக்காக்கள் பலருக்கு இது தெரியாது.

சம்பளச் சீட்டில் சந்தா நாள் எண்ணிக்கையை அச்சிட வேண்டும். டிஸ்பென்சரி வாசலில் இந்த விதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.