கைவினை சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அக்காவுக்கும் வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு, கொலு சீசன் ஸ்டால் நல்லா போச்சு, கணக்கை பொருளாளர் வாசிப்பாங்க, அதனால நான் இந்த வருஷம் நாம ரொம்ப பேசின விஷயத்துக்கே வந்துடறேன், அதாவது அடுத்தவங்க டிசைனை காசு குடுக்காம எடுத்துக்கலாமாங்கறது.

நூல், ஜரி, மணி வாங்கவே இழுபறியா இருக்கு, இதுல டிசைனுக்கு வேற காசான்னு நம்மள்ல சிலர் கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஆனா ஒருத்தர் வாங்கின குரோஷே பேட்டர்ன் (கொக்கி ஊசிப் பின்னல் செய்முறை) பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டா, அதை எழுதினவங்க கூலி போயிடுது, அவங்களும் நம்மள மாதிரி வீட்ல உக்காந்து பின்னி பிரிச்சு திரும்ப பின்னி கண்ணி எண்ணினவங்கதானே. அதனால இனி குரூப்ல பிடிஎஃப் கிடையாதுன்னு தீர்மானம் போட்டோம். அச்சு புக்கை பாத்துட்டு அடுத்தவங்களுக்கு குடுக்கறதுல தப்பே இல்ல, நம்ம புக் அலமாரி இன்னும் பெருசாகணும். தையல் முறை யாருக்கும் தனி சொத்து இல்ல, சங்கிலித் தையல் போட யார்கிட்டயும் கேக்க வேண்டாம், ஒருத்தர் வரைஞ்ச படமும் எழுதின விளக்கமும்தான் அவங்களோடது.

பர்த்டே ரிட்டர்ன் கிஃப்டுக்கு கார்ட்டூன் பொம்மை ஆர்டர் ஒண்ணு வந்துச்சு, அந்த உருவமும் அடுத்தவங்களோடதுங்கறதால வேண்டாம்னுட்டோம். சிலருக்கு வருத்தம், அந்த காசு தேவைப்பட்டவங்கதான் அவங்க, எனக்கு தெரியும். வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கறது வேற, அதையே சங்கம் பேர்ல விக்கறது வேற.

காசே குடுக்காம நேர்மையா எடுத்துக்க எவ்ளோ இருக்கு தெரியுமா? நம்ம நாட்டு சட்டப்படி ஓவியத்துக்கு காப்பிரைட் வரைஞ்சவர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான். ரவிவர்மா 1906ல காலமானவர், அவரோட லட்சுமி சரஸ்வதியை தாராளமா தைக்கலாம் (இப்ப ஒருத்தர் அதைப் பாத்து புதுசா மாத்தி வரைஞ்சிருந்தா அந்த படத்தை எடுக்கக்கூடாது). பாரதியார் பாட்டு உரிமையை 1949ல அரசாங்கமே வாங்கி அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக்கிடுச்சு, சுவர் ஹேங்கிங்ல தைரியமா எழுதுங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்தது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம், 2017ல இருந்து காப்பிரைட் முடிஞ்ச லட்சக்கணக்கான பொருளோட போட்டோவை சிசி ஜீரோன்னு (CC0, எந்த உரிமையும் கேக்க மாட்டோம்னு அர்த்தம்) போட்டு விட்டிருக்காங்க, விக்கற பொருளுக்கும் எடுத்துக்கலாம், அதுல நம்ம சோழமண்டலக் கரையில 18ஆம் நூற்றாண்டுல கையால எழுதி சாயம் போட்டு ஐரோப்பாவுக்கு கப்பல்ல போன பூ துணிங்களும் இருக்கு, அந்த கொடி ஓட்டத்தை ஆரி ஒர்க் பிளவுஸ் கையில போட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க! ஒண்ணு மட்டும் கவனம், வேற இடத்துல கிடைக்கற சில படத்துல என்சின்னு (NC, வியாபாரத்துக்கு இல்லைன்னு அர்த்தம்) போட்டிருக்கும், அதை விக்கற பொருளுக்கு தொடாதீங்க.

வர்ற வருஷம் பழைய புள்ளிக் கோலம், சிக்குக் கோலத்துல இருந்து நமக்குன்னு டிசைன் ஃபைல் ஒண்ணு சேக்கறோம். பாட்டி, அம்மா கையால போட்ட கோல நோட்டு வீட்ல இருந்தா அடுத்த கூட்டத்துக்கு கொண்டு வாங்க, அவங்க பேரையும் எழுதி வெச்சுதான் ட்ரேஸ் எடுப்போம், நோட்டு அன்னிக்கே திருப்பி குடுத்துடுவோம்.