காய்ச்சலை மறைக்க வைக்காதீர்கள்: பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில வாரங்களில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. நேர்மை, கருணை, சமத்துவம் என்று சுவரில் எழுதி வைத்த பள்ளிகளும் மூடின, எழுதாதவையும் மூடின. திறந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் பெற்றோர் பள்ளிக்குச் சொன்னார்களா, மாத்திரை கொடுத்து அனுப்பினார்களா?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். உண்மையைச் சொல்லும் குடும்பத்துக்கு அதனால் எந்த இழப்பும் வரக்கூடாது. அடுத்த தொற்று வருவதற்குள் இதை விதியாக எழுதி வையுங்கள்.

முதல் வேலையாக, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குத் தரும் பரிசை நிறுத்துங்கள். காலை 7.30க்குக் கொடுத்த பாரசிட்டமால் நாலு முதல் ஆறு மணி நேரம் சூட்டை அடக்கி வைக்கும். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானிக்கு அது பிடிபடாது. மருந்தின் வேகம் குறைந்து சூடு ஏறுவது மதியம், எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நெருங்கி உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில். நோய் விடுப்பை வருகைப் பதிவேட்டில் தனிக் குறியிட்டுப் பிரித்து வையுங்கள். அதை வருகை சதவீதத்தில் கழிக்காதீர்கள். தவறிய தேர்வுக்கு மறுதேர்வு உண்டு என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

அடுத்தது அறிவிப்பு. "ஒரு மாணவிக்குத் தொற்று" என்று அனுப்பினாலே போதும், அன்று வராத பெண் யார் என்று வகுப்பே விரல் நீட்டிவிடும். "இந்த நாளில் இந்த வகுப்பறையில் இருந்த ஒருவருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது, இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். தொற்று வந்த வீடு உட்பட எல்லா வீட்டுக்கும் அதே செய்தி, அதே நேரத்தில் போகட்டும். யார் என்பது தலைமை ஆசிரியரும் சுகாதாரப் பொறுப்பாளரும் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை திரும்பி வரும் நாளில் பழைய இடத்திலேயே உட்காரட்டும். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தால், அடுத்த வீடு வாயைத் திறக்காது.

காற்று விஷயத்தில் ஏமாறாதீர்கள். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 144 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு 5 முறை அது மாற வேண்டுமானால் 720 கன மீட்டர் புதுக் காற்று தேவை. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஊடுருவி ஓடாது. கரியமில வாயு அளவி இருந்தால், உட்கார்ந்த பிள்ளையின் தலை உயரத்தில், யார் முகத்துக்கும் ஒரு மீட்டருக்குள் வராமல் வையுங்கள். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) காட்டும். உள்ளே 800ஐத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று பொருள். சன்னலோரப் பிள்ளைக்குக் குளிர்கிறதென்றால் இடத்தை மாற்றுங்கள், சன்னலைச் சாத்தாதீர்கள்.

ப்ளீச் தெளிப்பில் காட்டும் ஆர்வத்தைக் கொஞ்சம் காற்றுக்குத் திருப்பலாம். 5 சதவீதக் கரைசலில் 20 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதம் கிடைக்கும். கை படும் பரப்புகளுக்கு அது போதும். முதலில் சோப்பால் அழுக்கைத் துடைக்காவிட்டால் ப்ளீச் அழுக்கோடு மோதியே வீணாகும். அமிலக் கழிவறைத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிள்ளைகள் மேல் தெளிப்பது, எந்த அளவில் செய்தாலும், தீங்குதான்.

வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் 40 நிமிட நேரலைக் காணொளி 300 மெகாபைட் விழுங்கும். நொடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிவு செய்த 5 நிமிடக் குரல் விளக்கத்துக்கு 1.2 மெகாபைட் போதும். ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில் இரண்டாவதுதான் நடக்கும். நேரலை நடத்தினாலும் கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். வீட்டின் சுவரை வகுப்பு முழுக்கக் காட்டச் சொல்லும் உரிமை பள்ளிக்கு இல்லை.

இதெல்லாம் ஆசிரியருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும், வாகன ஓட்டுநருக்கும் பொருந்தும். நோய் விடுப்புக்குச் சம்பளம் பிடித்தால் அவர்களும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவார்கள். மாற்று ஆள் பட்டியலையும், விடுப்புச் சம்பளத்துக்கான தொகையையும் இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே சேருங்கள்.

இப்படிக்கு,
பள்ளிச் சுகாதாரப் பணியிலுள்ள ஆசிரியர்களும் செவிலியர்களும்