எந்தச் சுவர் என்று கேட்காமலே போல்ட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீடு கட்டும் பகுதியில், "சுவர் எதுவானாலும் நான்கு ஆங்கர் போல்ட்டை நன்றாக முறுக்கிவிட்டால் பீம் அசையாது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு மற்றப் பக்கங்களைப் புரட்ட மனம் வரவில்லை. கட்டுரையாளருக்கு என்ன அவசரமோ தெரியாது. அச்சுக்குப் போகுமுன் தங்கள் கண்ணில் படாமல் போனதே என்பதுதான் வருத்தம்.

தாங்கள் அறியாததல்ல, விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் காங்கிரீட்டுக்கென்று வந்தது. நட்டை முறுக்க முறுக்க நுனி அகன்று துளையின் பக்கங்களை நெட்டித் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் பிடிப்பே இருக்கிறது. காங்கிரீட் அதைத் தாங்கும். செங்கல் பிளந்துவிடும். காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான ஏஏசி பிளாக் மாவாக நொறுங்கும். உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்த ஹாலோ பிளாக்கில் மெல்லிய ஓட்டுக்கு அப்பால் பொந்துதான், போல்ட் பிடிக்க எதுவுமில்லை. செங்கலில் முறுக்கும்போது முதலில் இறுகும், பிறகு சட்டென்று கைக்கு இளகும். உடனே "இன்னும் ஒரு சுற்று" என்பார்கள். இளகியபோதே உள்ளே செங்கல் பிளந்துவிட்டது. அடுத்த சுற்று விரிசலை அகலப்படுத்துவது தவிர வேறெதுவும் செய்யாது. "நன்றாக முறுக்கி" என்று அச்சிலேயே வந்துவிட்டால் யார் நிறுத்துவார்கள்?

காங்கிரீட்டிலும் நினைத்த இடத்தில் துளையிட முடியாது. போல்ட் பிய்ந்து வரும்போது தனியாக வராது, கூம்பு வடிவில் காங்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். 80 மி.மீ. ஆழம் பதிந்த போல்ட்டுக்கு முழு பலமும் கிடைக்க, ஓரத்திலிருந்து 120 மி.மீ., அடுத்த போல்ட்டிலிருந்து 240 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் கூம்புகள் ஒன்றோடொன்று கலந்து, நான்கு போல்ட் சேர்ந்தும் நான்கின் பலம் வராது. பூச்சின் 15 மி.மீ.யையும் ஆழத்தில் சேர்த்துக் கணக்குச் சொல்கிறார்கள். பூச்சு எதையும் தாங்காது.

செங்கலுக்குக் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை நிரப்பிக் கம்பியை ஒட்டவைப்பது, பரவாயில்லை, பக்கவாட்டில் தள்ளாது. ஆனால் அதைப் பற்றித் தங்கள் இதழ் ஓராண்டுக்கு முன் எழுதியபோது துளையைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு சொல் இல்லை. அப்போதே எழுதினேன், அந்தக் கடிதம் வெளிவரவில்லை. 12 மி.மீ. கம்பிக்கு 14 மி.மீ. துளை. அடிவரை ஊதி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூசி மிச்சமிருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பசை அடைத்த கார்ட்ரிட்ஜிலிருந்து முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது. ஒரே நிறமாக வரும்வரை வெளியே பிதுக்கிவிட வேண்டும். அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, கம்பியைத் திருகிக்கொண்டே செருக வேண்டும். பசை இறுகும் நேரம் வெயிலுக்கும் குளிருக்கும் மாறும், டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். அதுவரை கம்பியைத் தொடக் கூடாது. ஹாலோ பிளாக் என்றால் டிரில்லின் ஹேமர் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளையிட்டு, வலைக்குழல் போட்ட பிறகுதான் பசை. குழல் இல்லாவிட்டால் அத்தனையும் பொந்துக்குள் போய்விடும்.

எந்தப் பசை என்பதும் சின்ன விஷயமில்லை. 2006 ஜூலையில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் மேற்கூரைப் பலகங்கள் ஒரு காரின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அவற்றைப் பிடித்திருந்த ஆங்கர்களில் சீக்கிரம் இறுகும் எபாக்ஸிப் பசை இருந்தது. ஓயாமல் இழுக்கும் பாரத்தில் அது மெல்ல மெல்ல நழுவிக் கொடுத்துவிடும் என்பது விசாரணையில் தெரிந்தது. போட்ட அன்று பிடித்தது என்பது போதாது.

இத்தனைக்கும், பாரம் தாங்கும் பீம் சுவரில் தொங்கவே கூடாது, உட்கார வேண்டும். 4 மீட்டர் பீம், 3 மீட்டர் அகலத் தளம், சதுர மீட்டருக்கு 500 கிலோ என்றால் மொத்தம் 6 டன், ஒரு முனைக்கு 3 டன். சுவரோடு ஆங்கிள் (L வடிவ இரும்பு) அடித்து, சுவர் முகத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி பீம் உட்கார்ந்தால், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 200 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டாலும், மேல் வரிசையை ஒரு டன்னுக்குமேல் வெளியே இழுக்கும். கீழ்நோக்கிய பாரம் அதற்குமேல் தனி.

சில இதழ்களுக்கு முன் ஒரு படம் போட்டிருந்தீர்கள்: இரும்பு பீமின் முனை அரைச் செங்கல்மேல் 10 செ.மீ. மட்டும் ஏறி நிற்கிறது. 10-க்கு 10 செ.மீ. இருக்கையில் 3 டன் இறங்கினால் சதுர செ.மீ.க்கு 30 கிலோ. சாதாரணச் செங்கல் சுவருக்கு அனுமதிக்கும் அழுத்தம் பெரும்பாலும் 10 கிலோவுக்கும் கீழே. அதே பீமை 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. கனம் உள்ள காங்கிரீட் பெட் பிளாக்கின் (பீம் முனைக்கு அடியில் சுவரில் வைக்கும் கட்டை) முழு அகலத்துக்கும் ஏற்றி வைத்தால், சுவருக்கு இறங்குவது சதுர செ.மீ.க்கு இரண்டரைக் கிலோதான். பாரம் 45 பாகையில் பரவுவதால் அந்தக் கனத்தைக் குறைக்கக் கூடாது. பெட் பிளாக்கை "வேண்டுமானால் வைக்கலாம்" என்று தங்கள் கேள்வி-பதில் பகுதி எழுதியதை இன்னும் மறக்க முடியவில்லை. பெட் பிளாக் இருந்தால் போல்ட்டின் வேலை பீமை நகராமல் பிடிப்பது மட்டும்தான்.

ஏஏசி சுவரிலும் ஹாலோ பிளாக்கிலும் பீமுக்கு நேர் கீழே தரைவரை காங்கிரீட் தூண் இறக்குவதே நல்லது. பழைய கருங்கல் சுவரில் இரண்டு முகங்களுக்கு நடுவே சில்லும் மண்ணும் இருக்கும். அங்கே போல்ட்டை நம்பக் கூடாது. மண்சுவர் என்றால் தனித் தூண் தவிர வேறு வழியில்லை. மர உத்தரத்தின் முனையைக் கலவை வைத்து மூடச் சொன்னீர்களே, அதைச் சுற்றிக் காற்றோட விரற்கடை இடைவெளி விடாவிட்டால் ஈரம் தங்கி, கண்ணில் படாத அந்த முனைதான் முதலில் உளுக்கும். சுவரை உடைத்து வாசல் வைக்கும் கட்டுரையில் முட்டுக் கொடுப்பதைச் சொல்லாமல் விட்டதைப் பற்றித் தனிக் கடிதமே எழுத வேண்டும்.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள்: போல்ட் வாங்குமுன் பூச்சைத் தாண்டி 6 மி.மீ. துளை ஒன்று இட்டு, வரும் தூளைப் பாருங்கள். சிவப்பானால் செங்கல். சாம்பல் நிறத்தில் வந்து டிரில் தடுமாறினால் காங்கிரீட். வெண்மையாக, மாவுபோல் வந்து டிரில் வழுக்கிக்கொண்டு போனால் ஏஏசி. திடீரென்று உள்ளே பாய்ந்தால் பொந்து. எதுவென்று தெரியாவிட்டால் போல்ட்டை முறுக்க வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமான வேலையில் உள்ள நெடுநாள் வாசகர்