முதல் நாளே கடன் கணக்கைக் கேட்பது ஏன்?

அன்புள்ள கட்சிக்காரர்களுக்கு,

விவாகரத்துக்காக வருபவரிடம் "யார் யார் பேரில் என்ன கடன் இருக்கிறது?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. திவால் மனு போட வருபவரிடம் "வீட்டில் உங்கள் இருவருக்கும் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் கோபமே வருகிறது. இனி இந்த இரண்டு கேள்விகளையும் முதல் சந்திப்பிலேயே எல்லோரிடமும் கேட்கப்போகிறோம். காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணியின் விவாகரத்தை நடத்திக்கொடுத்தோம். சண்டை இல்லாமல் முடிந்தது. வீட்டுக் கடனைக் கணவர் கட்டுவார் என்று சமரசப் பத்திரத்தில் எழுதினோம், நீதிமன்றமும் அதை அப்படியே உத்தரவாக்கியது. ஓராண்டு கடந்திருக்கும், வங்கியிலிருந்து அந்தப் பெண்மணிக்கு நோட்டீஸ் வந்தது. கணவர் தவணையை நிறுத்திவிட்டுத் திவால் மனு போட்டிருந்தார். "கோர்ட்டே அவர்தான் கட்டணும்னு சொல்லியிருக்கே?" என்று கையில் உத்தரவோடு அந்தப் பெண்மணி வந்து நின்றார். வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை என்பதை அன்றுதான் அவருக்கு விளக்கினோம். கடன் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. கணவன் மனைவிக்குள் யார் கட்டுவது என்பதைக் குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்கலாம், வங்கியிடம் போட்ட கையெழுத்தை அது அழிக்காது. சமரசத்தில் கையெழுத்திடும் முன்பே, கடனை ஒருவர் பேருக்கு மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எங்களுக்கு உண்டு.

பிணைக் கையெழுத்தும் இப்படித்தான். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, பிணை நின்றவருக்கும் அவ்வளவு என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்கத் திவால் சட்டத்திலும் ஒருவருக்குக் கிடைக்கும் கடன் விடுவிப்பு, கூடக் கையெழுத்துப் போட்டவரைக் காப்பாற்றாது. (எங்களிடம் வருபவர்களில் பலருக்குக் குடும்பம் ஒரு நாட்டில், கடன் இன்னொரு நாட்டில். அதனால்தான் சில நாடுகளின் சட்டங்களைச் சேர்த்தே சொல்கிறோம்.)

அப்புறம், எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: "திவாலாகிவிட்டால் ஜீவனாம்சம் கட்ட வேண்டாமா?" கட்டத்தான் வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி போகலாம், கைமாற்று போகலாம், பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் நீதிமன்றம் விதித்த தொகை போகாது. இந்தியாவில் 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டமே, நீதிமன்றம் விதித்த பராமரிப்புத் தொகையை விடுவிப்புக்கு வெளியே வைத்தது. 2016-இல் வந்த திவால் சட்டத்தொகுப்பும் அதையே செய்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், பராமரிப்பு நிலுவை கடன் கொடுத்த நிறுவனங்களின் உரிமைக்கும் முந்தியது என்றது. அமெரிக்காவில் 2005 திருத்தத்துக்குப் பிறகு, சொத்து ஈடு இல்லாத கடன்களில் முன்னுரிமை பெற்றவற்றுள் பராமரிப்பு நிலுவைக்கே முதல் இடம். இங்கிலாந்தில் திவாலானவர் வழக்கமாக ஓராண்டில் விடுபடுவார், ஆனால் குடும்ப வழக்கில் விதிக்கப்பட்ட தொகை சாதாரணக் கடன்களைப் போல அதோடு தானாகக் கழிந்துவிடாது. இந்த விஷயத்தில் சட்டம் பிள்ளைகள் பக்கம் நிற்பது எங்களுக்கு மனநிறைவாகவே இருக்கிறது, அது எங்கள் கட்சிக்காரருக்குப் பாரமாக இருக்கும்போதும்கூட. உண்மையிலேயே வருமானம் போய்விட்டதா? அப்படியானால் தொகையைக் குறைக்கச் சொல்லிக் குடும்ப நீதிமன்றத்தில் உடனே மனு போட வேண்டும். பேசாமல் இருந்தால் நிலுவைதான் ஏறும்.

ஜீவனாம்சம் வேறு, சொத்தைப் பிரித்ததில் தர வேண்டிய பணம் வேறு. அமெரிக்கத் திவால் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் (இருக்கும் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் வகை) மனு போட்டால் முன்னாள் துணைக்குத் தர வேண்டிய அந்தப் பணமும் அப்படியே நிற்கும். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் (வருமானத்திலிருந்து தவணையாகக் கட்டும் வகை), அந்தத் தவணைத் திட்டத்தைக் கட்டி முடித்தால் அது விடுபட வழி உண்டு. ஆகவே விவாகரத்து முதலா, திவால் முதலா என்பதை அவசரத்தில் முடிவு செய்யக் கூடாது. எந்த வகைத் திவால் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. திவால் வரப்போகிறது என்று தெரிந்து வீட்டையோ நகையையோ மனைவி பேருக்கோ கணவர் பேருக்கோ மாற்றிவிட்டு எங்களிடம் வராதீர்கள். அந்த மாற்றத்தையே ரத்து செய்யலாம். அமெரிக்கத் திவால் சட்டம் மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும், மாநிலச் சட்டங்கள் இன்னும் பின்னே போக விடும். குறைந்த விலைக்குக் கைமாறிய சொத்து என்றால் இங்கிலாந்தில் 5 ஆண்டு வரைகூடப் போவார்கள். பலர் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, பயத்தில் செய்கிறார்கள். ஆனால் நீதிபதி முன்னால் பத்திரத்தின் தேதிதான் பேசும்.

இன்னொன்று. ஒற்றுமையாகப் பிரியப்போகிறோம் என்று இருவரும் சேர்ந்தே வந்தாலும், நாங்கள் ஒருவருக்குத்தான் வக்காலத்துப் போடுவோம். ஒருவர் தோளிலிருந்து இறங்கும் கடன் மற்றவர் தோளில் ஏறக்கூடிய இடம் இது. இருவருக்கும் ஒரே வக்கீல் நேர்மையாக யோசனை சொல்ல முடியாது. மற்றவருக்குத் தனி வக்கீல் வைக்கச் சொல்வது உங்களுக்குள் பகை மூட்ட அல்ல.

சரி, முதல் சந்திப்புக்கு வரும்போது கடன் பத்திரங்கள், பிணை நின்ற காகிதங்கள், கார்டு கணக்குகள், ஏற்கெனவே வந்த நீதிமன்ற உத்தரவுகள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். துணைக்குத் தெரியாமல் வாங்கிய கடன் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது எங்கள் அறையைத் தாண்டாது. ஆனால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் சொத்து, கடன் பட்டியலில் எதையும் மறைக்க நாங்கள் உதவ முடியாது. எங்களைப் பார்த்துப் பேசும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்கள்