நொடித்தவனுக்கு மறுபடி யார் கடன் தருவார்?

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகன் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கப்போகிறான் என்று படித்து மகிழ்ந்தேன். நீங்கள் வாழும் பாரிசில் வங்கிக்குப் போனபோது அவன் எந்தக் கல்லூரியில் படித்தவன் என்றுதான் முதலில் கேட்டார்கள் என்றும், புதுச்சேரியிலிருந்து உன் மாமியார் அவன் சாதகத்தை யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டார் என்றும் எழுதி, இரண்டையும் சிரித்து ஒதுக்கியிருக்கிறாய். எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. வங்கியின் கடன் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதாலோ என்னவோ, ஒருவன் எதனால் முன்னுக்கு வந்தான் என்று ஊர் சொல்லும் காரணத்தைவிட, அவன் நொடித்துப்போனபின் அதே ஊர் அவனை எப்படி நடத்துகிறது என்பதைத்தான் நான் கவனிப்பது வழக்கம்.

நம் கடலூரையே எடுத்துக்கொள். சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு இங்கே ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் கவின்கேர் ஆயிற்று. அமெரிக்கர் ஒருவர் இதைச் சொன்னால், குடும்பத் தொழிலை விட்டு வெளியேறித் தனியாளாக நின்று வென்ற ஒருவரின் கதையாகச் சொல்வார். நம் கடைத்தெருப் பெரியவர்களோ, ஷாம்பைச் சிறு உறையில் அடைத்து விற்ற தந்தை சின்னிகிருஷ்ணனிலிருந்து தொடங்கி, பிள்ளைக்கு நேரமும் கூடிவந்தது என்று முடிப்பார்கள். எந்த நிறுவனத்தின் வெற்று உறைகளைக் கொண்டுவந்தாலும் தம்முடைய ஷாம்பு உறை ஒன்றை இலவசமாகத் தருவது என்று ரங்கநாதன் போட்ட கணக்கு இருக்கிறதே, அது இரண்டு கதைகளிலும் ஓரமாகத்தான் நிற்கிறது. எனக்கென்னவோ முழுக் கதையும் அதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

நேரத்தை நம்புகிறவர்கள் கணக்கில் கோட்டை விடுவார்கள் என்று நீ நினைக்க வேண்டாம். எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் முதல் போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தராசைத் தொட்டுவிட்டுத்தான் கல்லாவில் போடுகிறார். விளக்கு வைத்தபின் யாருக்கும் கடன் கொடுக்கமாட்டார். ஆனால் எந்தப் பருப்பில் எவ்வளவு லாபம் நிற்கும், எந்த வீட்டுக்காரர் எந்தத் தேதியில் பாக்கியைத் தீர்ப்பார் என்பதையெல்லாம் நோட்டைப் புரட்டாமலே சொல்வார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்கு மொழிபெயர்த்துப் பேரம் பேசும் துபாஷாகவும் பெருவணிகராகவும் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் இப்படித்தான். 1736-இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்திக்கும் சோதிடத்துக்கும் ஒருங்கே இடம் கொடுத்திருக்கிறார். சாதிக்க வேண்டும் என்ற உள்ளத்து வேட்கைதான் தொழில்முனைவோரை உருவாக்குகிறது என்று வாதிட்ட அமெரிக்க உளவியலாளர் மெக்கிலெலண்ட், 1964-இல் காக்கிநாடா வணிகர்களை ஐதராபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். அந்தப் பயிற்சியால் பலர் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள்; பழைய நம்பிக்கைகள் அதற்குத் தடையாக இருக்கவில்லை.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தது உனக்கு நினைவிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் தோப்பையும் கிடங்கில் இருந்த சரக்கையும் ஒரே இரவில் இழந்தார். உறவினர்கள் ஏழரைச் சனி என்றார்கள். அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சில வாரங்களில் மண்டிக்காரர் ஒருவர் பத்திரம் ஏதும் கேட்காமல் அவருக்குக் கொட்டையைக் கடனாக இறக்கினார். எதை நம்பிக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, முன்பொரு முறை எடையில் தவறி அதிகமாகப் போன மூட்டையைச் சொல்லித் திருப்பிய மனிதர் என்றார் அவர். எங்கள் வங்கி விண்ணப்பத்தில் இதை எழுத ஒரு கட்டமும் இருந்ததில்லை.

இதைப் படித்துவிட்டு நம் ஊரைப் போல் உண்டா என்று பூரித்துவிடாதே. மண்டியில் அறிமுகம் இல்லாத புதியவருக்கும், தனியாகத் தொழில் செய்ய வரும் பெண்ணுக்கும் அந்தக் கொட்டை இறங்கியிருக்காது. சோம்பலால் கெட்டவர்களும் சனியின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்வதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீ இருக்கும் நாட்டில் வேறு விதம். நிறுவனம் நீதிமன்றத்தின் வழியாக மூடப்பட்டால் அதன் தலைவர் பெயருக்கு எதிரே பிரெஞ்சு நடுவண் வங்கி 040 என்று ஒரு குறியீடு போட்டுவந்தது. மற்ற வங்கிகள் அதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும். 2013-இல்தான் அதை நீக்கினார்கள். எல்லாம் உழைப்பால் வருவது என்று சொல்லும் அமெரிக்கர்கள் தோற்றவரிடம் இன்னும் கடுமையாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அவர்களுடைய திவால் சட்டம் மறுபடி தொடங்க வழிவிடுகிறது. உழைப்பை நம்புகிறவர்களுக்கு அதே ஆள் அடுத்த முறை இன்னும் நன்றாக உழைப்பார் என்று நினைக்க இடம் இருக்கிறது. பிரான்சிலோ இளமையில் எழுதிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் போலத் தோல்வியும் ஆளோடு ஒட்டிக்கொள்கிறது. இது என் ஊகம்தான். அங்கேயே வாழ்கிற நீ மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே உன் மகனிடம், தொழில் வென்றால் என்ன என்பதைப் பிறகு பேசிக்கொள்ளச் சொல். தனிநபராகத் தொழில் செய்பவர் குடியிருக்கும் வீட்டைத் தொழில் கடன்காரர்கள் பறிக்க முடியாதபடி 2015-இல் அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவனே தனிப்பட்ட முறையில் பிணைக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நிலைமை வேறு. வங்கி நீட்டும் தாளில் அவன் கையெழுத்திடுமுன் அதன் நகலை எனக்கு அனுப்பு. பள்ளியில் படித்த பிரெஞ்சு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மாமியார் சொல்கிற சாதகத்தையும் பார்த்துவிடுங்கள். நாள் நன்றாக இருக்கிறது என்று சோதிடர் சொல்லிவிட்டால், மாமியாரின் வைப்புநிதியிலிருந்து பேரனுக்கு ஒரு தொகை வந்தாலும் வரும். அதற்குப் பிணை கேட்கவும் மாட்டார்.

உன் அன்புள்ள நண்பன்.