மதகைக் காட்டித் தந்தவருக்கு நன்றி

அன்புடையீர்,

கைவிடப்பட்ட ரயில் தடம் துண்டு துண்டாக விலைபோகாமல், நடைபாதையாக நேற்று மாலை திறந்துவிடப்பட்டது. இடையில் நாம் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மீண்டும் விரிக்காமல், மனம் இன்னும் அடங்காத இந்த வேளையிலேயே நன்றியைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதல் நன்றி, தண்டவாளத்தை நாள்தோறும் நடந்து சோதிக்கும் கீமேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு. தம் பெயரைப் போடக் கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. ரயில் தடத்தின் மண் கரையோரம் முட்புதர் மண்டிக் கிடந்த ஒரு பள்ளத்தை வெறும் குழி என்று எண்ணி, மண் கொட்டி நிரவிவிட நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். மண் லாரியும் வந்து நின்றுவிட்டது. தற்செயலாக அவ்வழியே வந்தவர், எங்களைக் கடிந்துகொள்ளாமல், கையிலிருந்த அரிவாளை வாங்கி, அது மழுங்கியிருப்பதாக மட்டும் முணுமுணுத்தபடி முள்ளை வெட்டி ஒதுக்கினார். உள்ளே செங்கல் வளைவோடு, கரைக்கு அடியில் மழைநீர் கடந்து போகும் ஒரு மதகின் வாய் தெரிந்தது. தண்ணீர் வண்டியின் குழாயை அதற்குள் திறந்துவிடச் சொல்லி, ஒரு பிடிச் சருகை அள்ளிப் போட்டு, "அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்" என்றார். கரையேறி மறுபுறம் இறங்கி நின்றோம். சற்று நேரத்தில் அந்தச் சருகுகள் ஒவ்வொன்றாக எங்கள் காலடிக்கு மிதந்து வந்தன. அதை அடைத்திருந்தால், தேங்கும் மழைநீர் கரையையே அரித்துக்கொண்டு போயிருக்கும். அடுத்த இரண்டு நாள்களும் அவர் எங்களோடு நடந்து, எஞ்சிய மதகுகளையும் காட்டித் தந்தார்.

ரயில் ஏறும் சரிவு பெரும்பாலும் நூறு அடிக்கு ஓரிரு அடியைத் தாண்டாது. சக்கர நாற்காலியில் வருபவர் இன்று மூச்சு வாங்காமல் போக முடிவது அதனால்தான். அந்தச் சமன், மண் சுமந்து கரை எழுப்பியவர்களும், நாள்தோறும் நடந்து அதைக் காத்தவர்களும் விட்டுச்சென்றது. நாங்கள் செய்தது, உண்மையில், மேலே பொடி ஜல்லி பரப்பியதுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1967இல் திறக்கப்பட்ட எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையையும், பிற்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டோடு தடத்தைச் சிதையாமல் காக்க வழிசெய்த அந்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையும் எடுத்துக்காட்டி மனு எழுதித் தந்த வழக்கறிஞர்களுக்கும், மரம் மக்காமலிருக்க ஏற்றும் நச்சு எண்ணெயான கிரியோசோட் ஊறிய பழைய ஸ்லீப்பர் கட்டைகளை இருக்கைகளாக்கும் எங்கள் ஆசையை நல்ல வேளையாகத் தடுத்த வேதியியல் ஆசிரியருக்கும், வேலி தள்ளிப் போட இசைந்த பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும், ஞாயிறுதோறும் ஜல்லி சுமந்த பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

ஆண்டுதோறும் மழைக்கு முன்பு எல்லா மதகுகளையும் எங்கள் கையாலேயே தூர்வாருவது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் தடவைக்குத் தாமும் வருவதாகக் கீமேன் சொல்லியிருக்கிறார். அரிவாளைத் தீட்டி வைத்திருக்க வேண்டுமாம்.